நல்லா இரிக்கம்

"போன வருசத்தோட பாக்க உங்கட வீட்டு நிலைமை எப்படி நானா?" என்று நிப்றாஸிடம் கேட்டுவிட்டுப் பேனையைத் திறந்தாள் கஜந்தி. நிவாரணப் பட்டியலை மறுபடி சரிபார்க்கக் குறிஞ்சாக்கேணிக்கு வந்திருந்த உத்தியோகத்தர் அவள்.

"நல்லா இரிக்கம் தங்கச்சி. எங்கட ஆக்கள் ஆட்சிக்கு வந்த பொறகு எல்லாம் முன்னேற்றந்தான்," என்றான் நிப்றாஸ்.

குசினி வாசலில் நின்ற அவன் மனைவி பஸ்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னேற்றமாம்! மண்ணெண்ணெய்க்கு வழியில்லாமல் தோணி களப்புக் கரையில் கவிழ்ந்து கிடந்து இரண்டு மாதமாகிறது. வெறும் தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போன மகள் மின்ஹா போன கிழமை மயங்கி விழுந்தாள். அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கு நிவாரணம் ஒன்றுதான் மிச்சம். அதையும் கட்சிக்குத் தாரைவார்க்கப் பார்க்கிறான் இந்த மனுசன். போன ஆட்சியில் இதே கேள்வியோடு வந்தார்கள். அன்றைக்குச் சட்டியில் கொடுவா மீன் கொதித்துக்கொண்டிருக்க, "பட்டினி கிடக்கம், நாட்டை வித்துப்போட்டானுகள்" என்று அழாத குறையாகக் கத்தியவனும் இவன்தான். இப்போது எண்ணெய் விலையைக் கேட்டால் உலகச் சந்தை என்கிறான். அந்த உலகச் சந்தை அன்றைக்கு எங்கே போயிருந்ததோ!

"மூண்டு நேரமும் சாப்பாடு இருக்கோ நானா?"

"என்ன கேள்வி இது? பகல் லுஹர் தொழுகையும் முடிஞ்சிட்டு. எங்கட ஊட்டுக்கு வந்த ஆள் பசியோட போறதோ? பஸ்மியா, தங்கச்சிக்குச் சோறு எடு!"

வேண்டாமென்று எழுந்தவளைக் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினான். பின்வேலியால் போய்ப் பக்கத்து வீட்டில் இரந்தாவது பஸ்மியா மானத்தைக் காப்பாற்றிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். இத்தனை வருசமும் அப்படித்தான் காப்பாற்றினாள்.

இன்றைக்கு அவள் வேலிப்பக்கம் போகவில்லை. கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் மட்டும் எடுக்கிற, ஆறுபேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சஹன் தட்டை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினாள். பானையில் கிடந்ததை அதன் நடுவில் வைத்துக் கொண்டுவந்து, மேசையில் விரிந்திருந்த படிவத்தின் மேலேயே வைத்தாள்.

அவித்த மரவள்ளிக்கிழங்கு, இரண்டு துண்டு.

"புள்ளைக்கு எடுத்து வெச்சது. சாப்பிடுங்க தங்கச்சி. நாங்க நல்லா இரிக்கம்."

நிப்றாஸ் கதிரையின் முதுகிலிருந்து கையை எடுத்தான். கஜந்தி கிழங்கையும் தொடவில்லை, பேனையையும் மூடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டது. சஹனுக்கு அடியில் படிவத்தின் ஒரு மூலை மட்டும் களப்புக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.