கோப்பி ஆறுவதற்குள்

பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆங் மோ கியோ ரயில் நிலையத்தில் நீர்நாய் ஒன்று முதியோர் சலுகை அட்டையை நுழைவாயில் கருவியில் தட்டிவிட்டு உள்ளே போனதைப் பார்த்தேன் என்றால் பார்த்தேன்தான். அட்டையில் யார் படம் இருந்தது என்று சிலுவைராஜ் கேட்டபோதுதான் கொஞ்சம் தடுமாறினேன்.

சிலுவைராஜும் நானும் ஒரு குறுக்கெழுத்துக் குழுவில் இருக்கிறோம். வாரந்தோறும் பரமசிவம் ஒரு புதிர் அமைத்து வாட்ஸ்அப்பில் போடுவார். விடையைக் குழுவில் உடைக்கக் கூடாது. அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கத்துக் கோப்பிக்கடையில் கூடி அவர் விடைகளைத் திறக்கும்வரை, முடித்துவிட்டேன் என்று மட்டும் குழுவில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த விதியை எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. புதிர் வந்ததும், "கோப்பி ஆறுவதற்குள் முடிந்தது. அருமை" என்று முதல் ஆளாகப் போடுவேன். விடை அனுப்ப மாட்டேன். "பரிசெல்லாம் சின்னவங்களுக்குப் போகட்டும்" என்பேன். எனக்கு வயது எழுபத்தாறு; குழுவில் எல்லோருமே எனக்குச் சின்னவர்கள். உண்மையில் ஒரு புதிரைக்கூட நான் முடித்ததில்லை. கோப்பியை மட்டும் ஒவ்வொரு முறையும் முடித்துவிடுவேன்.

அந்த ஞாயிறு எங்கள் குழுவிலுள்ள தங்கம் தன் மகள் இனியாவோடு வந்தாள். தங்கம் தெம்பனிஸில் தனியாக இருப்பவள். ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்து கடைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து இனியா செம்பவாங்கில் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தாள். தங்கம் ஒரே பிடியாக, "பரமசிவத்தோட புதிரை வாராவாரம் முடிக்கிற வரைக்கும் நான் என் வீட்லதான் இருப்பேன்" என்று சொல்லியிருந்தாள். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும்.

உட்கார்ந்ததுமே, "இன்னைக்கோட சரிண்ணே" என்றாள். "வீட்டுச் சாவிய இவகிட்ட கொடுத்துட்டேன்."

"ஏம்மா?"

புதிர்த் தாளை மேசைமேல் விரித்தாள். "முதல் குறிப்பு அஞ்செழுத்துன்னு போட்டிருக்கு. கட்டத்த எண்ணினா நாலுதான் வருது. திரும்பத் திரும்ப எண்ணிட்டேன். மேலிருந்து கீழும் அப்படித்தான். எனக்கு எண்ணக்கூட வரலண்ணே."

"பரமசிவத்தக் கேட்டிருக்கலாமே?"

"என்னன்னு கேக்குறது? நீங்க கோப்பி ஆறுறதுக்குள்ள முடிச்ச புதிர்ல கட்டம் சரியில்லன்னா?"

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அந்த வாரத்துப் புதிரை நான் பார்ப்பது அப்போதுதான். தங்கத்தின் விரலோடு சேர்ந்து எண்ணினேன். நாலு. அடுத்ததும் பொருந்தவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. அந்த நீர்நாயே வந்தாலும் அதை முடிக்க முடியாது.

எதிரே சிலுவைராஜ் தேநீர்க் குவளைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். வாட்ஸ்அப்பில் என் செய்திக்குப் பின்னாலேயே கட்டைவிரல் படம் போட்டவன் அவன். குழுவில் எல்லோரும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நாலுதான் வந்திருக்கிறது. அண்ணன் முடித்துவிட்டாரே என்று அவரவர் தங்கள் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். தங்கம் மட்டும் தன் மூளையைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

கட்டத்தை மனசுக்குள்ளேயே திருத்திக்கொண்டு முடித்தேன் என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் சாவி இனியாவின் கைப்பையிலேயே இருந்துவிடும்.

"தங்கம், நான் முடிக்கலம்மா. இந்தப் புதிர நான் பார்க்கவே இல்ல" என்றேன்.

மேசை சிரித்தது. "கேட்டீங்களா, நீர்நாய்க்கு அடுத்த கதை!" என்று சிலுவைராஜ் தொடையைத் தட்டினான்.

இனியா என் கையைத் தொட்டாள். "அம்மா மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க, எனக்குப் புரியுது அங்கிள். ரொம்ப நல்லவர் லா நீங்க."

காது சுட்டது. நல்லவன் என்று யாரும் என்னை அப்படிக் குத்தியதில்லை.

தே தாரிக் தேநீர்க் குவளைகளோடு பரமசிவம் வந்தார். "பரமசிவம், உட்காராதீங்க. முதல்ல கட்டத்த எண்ணுங்க" என்றேன்.

எண்ணினார். கைப்பேசியைத் தடவிப் பார்த்தார். "ஐயோ! குறிப்பு இந்த வாரத்தோடது, கட்டம் போன வாரத்தோடது. மாத்திப் போட்டுட்டேன். ஒருத்தருமே விடை அனுப்பல. அண்ணன் முடிச்சிட்டாரே, மத்தவங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்போலன்னு பெருமையா வேற இருந்தேன்."

இனியா என் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க எப்படி அங்கிள் முடிச்சீங்க?"

"நான் ஒரு வாரமும் முடிச்சதில்லம்மா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிலுவைராஜ் மேசைக்கடியில் கைப்பேசியை வைத்துத் தன் கட்டைவிரலை அழித்துக்கொண்டிருந்தான். தங்கம் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "பரமசிவம், சரியான கட்டத்தப் போட்டுக் கொடுங்க. அண்ணனுக்கும் ஒண்ணு" என்றாள். திட்டியிருக்கலாம்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்கு ஒரு கோப்பி வந்தது. தங்கம் நிதானமாக, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே நிரப்பினாள். ஓர் இடத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு தங்கத்தின் பேனா மறுபடி ஓடியது. கடைசிக் கட்டமும் நிரம்பியதும் இனியா கைப்பையைத் திறந்து, சாவியை எடுத்து அம்மாவின் தாள்மேல் வைத்தாள்.

என் தாளில் ஒரு சொல் இருந்தது. அதையும் அடித்திருந்தேன்.

"ஒரு எழுத்து சொல்லட்டுமாண்ணே?" என்றாள் தங்கம்.

"விடைய வெளிய சொல்லக் கூடாதும்மா. விதி."

"அதுவும் சரிதான்" என்று தன் தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். எழுந்து போகவில்லை. யாருமே எழவில்லை. எல்லோரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோப்பி ஆடை கட்டிப்போச்சு அங்கிள். வேற சூடா வாங்கட்டுமா?" என்றாள் இனியா.

வேண்டாம் என்றேன். ஆறியதையே எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, முதல் குறிப்பை மறுபடி படித்தேன்.