அப்பாவின் மூக்கு

ஒரு காய்ச்சல் அகீலின் மோப்ப சக்தியைக் கொண்டுபோய்விட்டது. பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே, கொள்ளுத்தாத்தா தொடங்கிய பீர் ஆலையை நடத்துபவர் அவர். காற்றில் வரும் ஈஸ்ட் புளிக்கவைக்கும் லாம்பிக் வகை பீரில் ஒரு பீப்பாய் அருமையாக வரும், பக்கத்துப் பீப்பாய் வினிகராகும். எது எப்படி என்று சொல்ல மூக்கு வேண்டும்.

விஷயம் மகள் மார்லீனுக்கு மட்டும்தான் தெரியும். வாங்க ஆள் வரும்போது அவள் முன்பே ருசி பார்த்துவிட்டு அருகில் நிற்பாள். கெட்ட பீப்பாய் என்றால் இருமுவாள்.

ஓஸ்டெண்ட் கடற்கரையில் படகு வைத்திருக்கும் யூல், அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தான்.

"இந்தக் குளிர்ல காய்ச்சினது பதமாக மூணு வருஷம் ஆகும்மா. அதை ருசி பாத்து வித்துக் குடுத்துட்டுப் போ," என்றார் அகீல்.

"போன குளிருக்கும் இதையேதான் சொன்னீங்க. வருஷா வருஷம் காய்ச்சிட்டே இருந்தா அந்த மூணு வருஷம் எப்பப்பா முடியும்?"

அகீல் காலணியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மார்ச்சில் ரெமி வந்தார். இவர்களிடம் வாங்கிக் கலந்து, புட்டியில் அடைத்து விற்பவர்.

"என்னய்யா அகீல், மூக்கு இன்னும் கழண்டு விழலையா?"

"உன் தொப்பை விழட்டும், அப்புறம் பாக்கலாம்."

இன்று இருமுவதில்லை என்று மார்லீன் முடிவு செய்திருந்தாள். குட்டு உடைந்தால் அப்பா அடுப்பை அணைத்து ஆலையை மூடிவிடுவார். அவள் கடலோரம் போகலாம்.

வினிகராகிப்போன பீப்பாயிலிருந்து அகீல் கோப்பையில் பிடித்தார். முகர்ந்தார். காத்திருந்தார். மார்லீன் இருமவில்லை.

"ஆகா! பச்சை ஆப்பிள் வாசம்!"

ரெமி ஒரு வாய் குடித்துத் துப்பினார். "இதை வச்சு ஜன்னல் துடைக்கலாம்யா!"

அகீல் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை ரெமியும் பார்த்துவிட்டார். அடுத்த பீப்பாயிலிருந்து தானே பிடித்து அவளிடம் நீட்டினார்.

"நீ சொல்லு பொண்ணே."

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது.

"நல்லாருக்கு. ஆனா கோடைக்கு முன்னாடி எடுத்துடுங்க, அடியில லேசா கசக்குது."

ரெமி குடித்துப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடப்பாவி அகீல், இத்தனை நாளா பொண்ணோட நாக்கையா எனக்கு வித்த? இனிமே எனக்குக் கிழவன் வேண்டாம். இவகிட்டதான் வாங்குவேன், ஊர்பூரா சொல்லுவேன்!"

அகீலின் தோள்கள் தளர்ந்தன. பெரிய பாரம் இறங்கியவர்போல மூச்சுவிட்டார்.

இந்தக் குளிரில் நிரப்பிய, இன்னும் நுரை தள்ளிக்கொண்டிருந்த பீப்பாயின் மேல் ரெமி சாக்பீஸால் பெரிதாக எழுதினார்: மார்லீன்.

"மூணு வருஷம் கழிச்சு வரேன். நீயே திறந்து குடுக்கணும், என்ன?"

இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"சரி" என்று தன் குரல் சொல்வது அவளுக்குக் கேட்டது.