சராசரி ரெண்டரை மாதம்

லிஃப்ட் பாதியில் நின்றது. ஏழாவது மாடியும் இல்லை, எட்டாவதும் இல்லை. உள்ளே இரண்டே பேர்: லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் மேனேஜர், அங்கேயே பழுதுக் கணக்குப் பார்க்கும் அவருடைய அண்ணன் மகள்.

"போன வாரம்தானே ரிப்பேர் பார்த்தோம்!" சித்தப்பா பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினார். "சராசரி ரெண்டரை மாசம் ஓடும்னு நீதானே போட்டிருக்க?"

"நீங்க போடச் சொன்னீங்க சித்தப்பா."

இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! ரிப்பேர் பார்த்துவிட்டால் அது புது லிஃப்ட் என்றே கணக்கு வைப்பது அந்தக் கம்பெனி வழக்கம். பழுதுக்கும் பழுதுக்கும் நடுவே ஓடிய காலத்தையெல்லாம் கூட்டி வகுத்துவிடுவார்கள், வேலை முடிந்தது. இந்த லிஃப்ட் முதலில் ஆறு மாதம் ஓடியது, அடுத்து மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் இரண்டே வாரம். வரிசையாகப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும், போகப் போக மோசமாகிறது என்று. சராசரி போட்டால் அந்த வரிசையே காணாமல் போய்விடும். அவளும் சொல்லிப் பார்த்தாள். "புது மோட்டார் செலவு நம்ம தலையில விழும், வாயை மூடு" என்றார் சித்தப்பா. மூடிக்கொண்டாள். அப்பா போனபிறகு அம்மாவும் அவளும் இருப்பது அவர் வீட்டு மாடியில். வேலையும் அவர் போட்டுக் கொடுத்ததுதான். இன்று அந்தச் சராசரி போட்ட அறிக்கையைக் குடியிருப்புச் செயலாளரிடம் கொடுக்கத்தான் இருவரும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

விசிறியும் நின்றுபோனது. சித்தப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"மூச்சு முட்டுதும்மா. வெளிய போனா போதும். நீ சொன்ன மாதிரியே மாத்தி எழுதிடலாம்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மாட்டிக்கொண்டதும் நல்லதற்குத்தான்.

சற்று நேரத்தில் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு லிஃப்ட் தானாகவே ஏறியது. கதவு திறந்தது. எதிரே குடியிருப்புச் செயலாளர், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன சார், நின்னுடுச்சா?"

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சேச்சே! தானா கிளம்பிடுச்சே, இதெல்லாம் பழுதுக் கணக்குலயே வராது. நீங்க ஏறுங்க. என்னம்மா, சாருக்குச் சொல்லேன்."

அட மனுஷா! வியர்வைகூடக் காயவில்லையே.

நாற்காலிச் சக்கரம் லிஃப்ட் வாசலைத் தொட்டது. அவள் குறுக்கே போய் நின்றாள்.

"ஏறாதீங்க சார். இது மறுபடி நிக்கும். அறிக்கையில நான் போட்டது தப்பு."

செயலாளர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சித்தப்பா படியிறங்கிக் கீழே வந்து கார் கதவைத் திறந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஏறு. வீட்ல உங்கம்மாவை வச்சுப் பேசிக்கலாம்."

ஏறினாள். போவதற்கு வேறு வீடு இல்லை.