மேனேஜரோட மூணு இஸ்பேடு

எங்க எஸ்டேட்டு போடிமெட்டு பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் கிளப்புல பிரிட்ஜ் சீட்டு ஆடுவோம். எதிரெதிர உக்கார்ற ரெண்டு பேரு ஒரு ஜோடி. கொச்சிப் போட்டிக்கு கிளப்புலருந்து ஒரே ஒரு ஜோடிதான் போகும். நான் இத்தன வருசத்துல ஒரு தடவகூடப் போனதில்ல. இந்தத் தடவ நானும் தேயிலை ஃபாக்டரி டீமேக்கர் ஏசுரத்தினமும் கடைசி வரைக்கும் வந்துட்டோம். எதிர்ல மேனேஜர் சாரும் அசிஸ்டென்ட் ஷைஜுவும்.

கொஞ்சம் பாயின்ட்லதான் பின்னால இருந்தோம். கடைசி ஆட்டம். மேனேஜர் எடுத்த எடுப்புல "மூணு இஸ்பேடு"ன்னாரு.

ஆட்டம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். இஸ்பேட துருப்பா வச்சு பதிமூணுல ஒம்பது பிடி எடுப்பேன்னு கேக்கறது அது. பெரிய சீட்டு இருக்காது, ஆனா இஸ்பேடு மட்டும் ஏழு இருக்கும். அப்ப முதல்லயே உயரமாக் கேட்டு உக்காந்துக்குவாங்க. எதிராளி ரெண்டு பேரும் கைல என்ன இருக்குன்னு சொல்லிக்க எடமே இருக்காது.

எனக்கு நல்ல சீட்டு, இஸ்பேடு ஒண்ணே ஒண்ணு. பாஸ் சொன்னா அவரு ஆடி முடிச்சுருவாரு, தோத்தோம். நானா நாலு ஆட்டின், அதான் ஹார்ட்டு, கேக்கலாம். எங்கிட்ட ஆட்டின் நாலுதான், ஏசுகிட்ட இல்லன்னா மாட்டிக்குவோம். அதனால "டபுள்"னேன். இந்த எடத்துல டபுள்னா, உங்கிட்ட எது நீளமா இருக்கோ அதக் கேளுன்னு ஜோடிக்குச் சொல்றது. ஜோடி கேக்காம பாஸ் சொல்லிட்டா, எதிராளி கேட்டதே டபுள் பாயின்ட்டுக்கு நின்னுரும். சரியான முடிவு. இன்னிக்கும் அதத்தான் சொல்லுவேன்.

ஆனா எங்க கிளப்புல மேனேஜர் கேட்டா யாரும் டபுள் சொல்றதில்ல. சட்டமெல்லாம் இல்ல, பழக்கம்.

"அடடே, சங்கையாவுக்கு தைரியம் வந்துருச்சே!"ன்னாரு அவரு. ஷைஜு சிரிச்சுக்கிட்டே பாஸ் சொன்னான்.

"என்ன ஏசு, நீங்களும் என்னை விரட்டப் போறீங்களா?"ன்னாரு மேனேஜர்.

ஏசு சீட்டப் பாத்தான். அவரப் பாத்தான். "பாஸ் சார்."

அவ்வளவுதான். அவரு கேட்டத அவரே ஆடி எடுத்துட்டாரு. டபுள் சொன்னதால பாயின்ட் ஏறி நாங்க காலி. ஆடும்போது ஏசு கைலருந்து ஆட்டின் ஒண்ணொண்ணா விழுது. அஞ்சு. ராஜாவும் ராணியும் அதுல. நாலு ஆட்டின் கேட்டிருந்தா சுளுவா எடுத்திருக்கலாம்.

"பார்ட்னர் எப்படின்னு தெரியாம டபுள் சொல்லலாமா சங்கையா?"ன்னாரு மேனேஜர். எல்லாரும் சிரிச்சாங்க. ஏசுவும்.

வெளிய வந்து கேட்டேன். "ஏன்யா, அஞ்சு ஆட்டின வச்சுக்கிட்டா பாஸ் சொன்ன?"

"எப்சிபாவோட பர்மனென்ட் ஆர்டர் அவரு மேசைல கெடக்குண்ணே." அவன் மக. ஆபீஸ்ல டெம்பரவரியா இருந்தா.

"சீட்டுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"உங்க மகன் துபாய்ல இருக்கான். நீங்க கேப்பீங்க."



அடுத்த வாரம் ஆர்டர் வந்துருச்சு. எப்சிபா கேக்கு கொண்டாந்தா.

"ஏன் மாமா, கொச்சிக்குப் போகலையா?"

"லீவு கெடைக்கலம்மா."

கேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஏசு ரோட்டுலயே நின்னான். நான் உள்ள கூப்பிடல.