நினியனின் இடது பூட்ஸ்

1.
முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எடின்பரோவில் எங்கள் அலுவலக விருந்தில், சக ஊழியர் ஒருவரைக் கேலி செய்து பாட்டெழுதிப் படித்தேன். அவர் மேசை இழுப்பறையில் விஸ்கி ஒளித்திருப்பதாக ஒரு வரி. முழுப் பொய். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி விளையாட்டாக இழுப்பறையைத் திறந்தாள்.

உள்ளே நிஜமாகவே ஒரு விஸ்கிப் புட்டி.

(அவர் இப்போது அங்கே வேலையில் இல்லை. இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. ஆகவே நானூறு ஆண்டு பின்னால் போகிறேன்.)

2.
"ஸ்டர்லிங் கோட்டையில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு..." வேண்டாம். எல்லாக் கதையிலும் பனி பெய்கிறது.

மறுபடியும். கில்பர்ட் அரசவைக் கவிஞன். இத்தாலியக் கவிதைகளை ஸ்காட்டு மொழியில் பெயர்ப்பவன். நினியன் அவனுக்குப் போட்டிக் கவிஞன். விருந்து நாளில் இருவரும் அவை நடுவே நின்று, செய்யுளில் மாறி மாறித் திட்டிக்கொள்வது வழக்கம். முடிந்ததும் ஒரே குவளையில் குடிப்பார்கள்.

"உன் கவிதைய நாய்க்குப் போட்டேன்டா, மோந்துட்டுப் போயிடுச்சு!" என்றான் நினியன். (செய்யுளில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கில்பர்ட் விடுவானா? நினியன் அந்நியரின் உளவாளியாம். இடது பூட்ஸுக்குள் ரகசியக் கடிதமாம். ஏன் பூட்ஸ்? எதுகைக்கு. எனக்கும் விஸ்கி அப்படித்தான் வந்தது.

"கழட்டுடா பூட்ஸ!" என்று அவையே கத்தியது. மேசைகள் அதிர்ந்தன.

நினியன் மட்டும் சிரிக்கவில்லை. "வேணாம் கில்பர்ட்... சும்மா பாட்டுக்குச் சொன்னேன்னு நீயே சொல்லுப்பா அவங்ககிட்ட."

காவல் தலைவர் போதையில் பூட்ஸைப் பிடித்து இழுத்தார். காகிதம் விழுந்தது.

3.
இந்த இடத்தில் மூன்று நாள் பேனா நகரவில்லை.

"இத்தாலிய மொழி மாதிரி இருக்கே. நீதானேய்யா மொழிபெயர்ப்பாளன்? உரக்கப் படி" என்று கில்பர்ட்டிடம் நீட்டினார் காவல் தலைவர்.

படைக்கப்பல்கள் எந்தத் துறைமுகத்தில் இறங்கலாம் என்று கேட்டிருந்தது கடிதம்.

முடிவு அ: உள்ளதைப் படிக்கிறான். நினியனுக்குத் தூக்கு.

முடிவு ஆ: காதல் கடிதம் என்று புனைந்து படிக்கிறான். அவை சிரிக்கிறது. கப்பல்கள் வந்தால்?

முடிவு இ: வெற்றுக் காகிதம். (அடித்துவிட்டேன். கோழைத்தனம்.)

4.
இன்னொரு முடிவும் உண்டு. "நான்தான் எழுதி வச்சேன், பாட்டுக்காக." இதைச் சொன்னால் பழி முழுக்க கில்பர்ட்டின் தலையில் விழும், நினியன் பிழைக்கலாம்.

திறந்த இழுப்பறைக்கு முன்னால் அன்று எனக்கும் இப்படி ஒரு வாக்கியம் தோன்றியது: நான்தான் வைத்தேன், பாட்டுக்காக. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லாததை கில்பர்ட்டைச் சொல்லவைக்க எனக்கு யோக்கியதை இல்லை. குளிர்ந்த கல்தரையில் ஒரு கால் வெறுங்காலாக நினியன் நிற்கிறான். கில்பர்ட் வாயைத் திறந்துவிட்டான்.

அவன் என்ன சொல்லட்டும்? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவன் உங்களைத்தான் பார்க்கிறான்.