முப்பதில் நிற்கும் முள்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரியில் ஒரு நண்பர், தன் வீட்டில் செய்த இஞ்சி சோடா கொடுத்தார். கேஸே இல்லை; சுத்தக் கஷாயம். "அமர்க்களம்" என்று சொல்லி இரண்டு டம்ளர் குடித்தேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். (முதல் வரைவில் பியர் இருந்தது. பியர் வந்தால் பின்னாலேயே போலீஸ் வரும். போலீஸ் வசனம் எனக்கு எழுத வராது. இஞ்சியே இருக்கட்டும்.)

2.

தொடக்கம் ஒன்று: "அரபிக்கடல் காற்றில் மிளகின் மணம்..." வேண்டாம். மட்டாஞ்சேரி என்றாலே எல்லாரும் மிளகை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

தொடக்கம் இரண்டு: ஸ்ரீநாத் ரெகுலேட்டரின் முள்ளைப் பார்த்தான். பன்னிரண்டு.

இது போதும். ஃபிரிட்ஜுக்குள் கெக் என்கிற எஃகுப் பீப்பாய், அதில் பத்தொன்பது லிட்டர் இஞ்சி பானம், பிடித்துக் குடிக்க ஒரு டேப். வெளியே, சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். பன்னிரண்டு பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒரு வாரம் விட்டால் பானத்தில் கேஸ் ஏறிவிடும். ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான், எங்கும் கசிவில்லை. பதினைந்து வைத்தான், இருபது வைத்தான். ரெகுலேட்டர் விற்றவனை போனில் கிழிகிழியென்று கிழித்தான்.

ஞாயிறு பதினொரு மணிக்குத் தன்யா ருசி பார்க்க வருகிறாள். எர்ணாகுளத்தில் ஜூஸ் கடை வைத்திருப்பவள். அவள் வேண்டாமென்றால், திங்கள் முதல் வைட்டிலாவில் மாமனாரின் டைல்ஸ் கடையில் உட்காருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். டைல்ஸ் மேல் அவனுக்குக் கோபமில்லை.

வெள்ளி மாலை, வந்தது வரட்டும் என்று முப்பதில் வைத்தான்.

3.

இப்போது எனக்கு ஒரு குற்றவாளி வேண்டும். பழுதான ரெகுலேட்டர்? சப்பென்று இருக்கிறது. எலி? குழாயைக் கடித்த எலி அன்று...

மிஞ்சியது அவன் மனைவி ஸாதனா, பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். [இவளை நான் வெகுநேரம் நம்பவில்லை. கார்பன் டை ஆக்சைடு எரியாது என்று இவளுக்குத் தெரியாதா? தெரியும். அவள் கைக்குத் தெரியாது.] சமைக்கும்போது கேஸைத் திறப்பாள், முடிந்ததும் மூடுவாள். பக்கத்தில் இன்னொரு சிலிண்டர் வந்ததும், கை அதையும் சேர்த்தே திறந்தது, சேர்த்தே மூடியது. ஸ்ரீநாத் சமையலறைக்கு வருவது சாப்பாட்டு வாசனை வந்த பிறகுதான். அப்போது இரண்டும் திறந்திருக்கும், முள் ஒழுங்காக நிற்கும். மற்ற நேரமெல்லாம் மூடியே கிடந்தால் கேஸ் எங்கே ஏறும்?

அந்த வெள்ளி மத்தியானமே ஸாதனா, ரயிலுக்கு நேரமானதில் இரண்டையும் மூட மறந்து, பாலக்காட்டுக்கு, பாட்டி வீட்டுக்குப் போய்விட்டாள். ஸ்ரீநாத் ஓட்டலில் சாப்பிட்டான். முப்பதை மூட ஆளில்லை.

4.

ஞாயிறு பத்தரைக்குத் திரும்பியவள் சாயா போட அடுப்படிக்கு வந்தாள். கை வழக்கம்போல இரண்டாவது சிலிண்டருக்குப் போனது. அது ஏற்கெனவே திறந்திருந்தது.

"ஸ்ரீ, இது நேத்திக்கும் தொறந்தா இருந்துது?"

"பின்னே? எப்பவும் தொறந்துதானே இருக்கும்? இன்னிக்கு முப்பதாக்கும். இன்னிக்குக் கேஸ் கேறியிருக்கும், கேட்டியா!"

ஸாதனா முள்ளையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போது டேப்பைத் திறந்தால் பானம் வராது, நுரைதான் பீய்ச்சும். சிலிண்டரை மூடி, கெக்கின் வால்வை இழுத்துக் கேஸை வெளியேற்றினால் இன்னும் தப்பிக்கலாம். "தெனமும் மூடினது நான்தான்" என்று எழுதி அவள் வாயில் வைத்தேன். "சாயா போடட்டுமா?" என்றாள். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். "தன்யாவுக்கு மதுரம் வேணுமோ என்னமோ" என்றாள். பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ரெகுலேட்டர் விற்றவனை முதலில் "கள்ளன்" என்றவளே அவள்தான்.

5.

முடிவு (அ): தன்யா நுரையில் நனைந்து, சிரித்து, ஆர்டர் கொடுக்கிறாள். இதை நானே நம்பவில்லை.

முடிவு (ஆ): ஸாதனா சொல்லிவிடுகிறாள். இப்படி எழுத அவளே சம்மதிக்க மாட்டேன் என்கிறாள்.

முடிவு (இ): திங்கட்கிழமை, டைல்ஸ் கடையில் மாமனார் ஒரு நாற்காலியை...

மணி பதினொன்று. தன்யா வெள்ளைப் பட்டுப்புடவையில் வந்திருக்கிறாள். நிறம் பார்க்க டேப்புக்கு நேரே குனிந்து டம்ளரை நீட்டுகிறாள். "தொடங்கலாமா, சேட்டா?" ஸ்ரீநாத்தின் கை டேப்பில் இருக்கிறது, அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஸாதனா வாயைத் திறக்கிறாள். நான் பேனாவோடு காத்திருக்கிறேன்.

"சாயா..." என்கிறாள்.

நான் சொன்னால் இவள் கேட்பதில்லை. இந்தச் சமையலறையில் விஷயம் தெரிந்த இன்னொருவர் நீங்கள்தான். நீங்களாவது அவனிடம் சொல்லுங்கள். சீக்கிரம்.