ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

அப்பாவின் முகத்தை மறைத்த மாலையை ஒதுக்கிவிட்டு ராசாத்தி போனை உயர்த்திப் பிடித்தாள். "தெரியுதாண்ணா?"

"தெரியுது கண்ணு," என்று ஜெர்மனியிலிருந்து கோபி கிசுகிசுத்தான். பக்கத்தில் அண்ணி புவனா தலையணையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

வெள்ளக்கடை ஊரே போனைப் பார்த்தது. அப்பா சின்னத்தம்பி முப்பது வருசம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். கடைசி நாலு மாதம் மட்டும் ஜமீன்தார். மூன்று மாடிக் கட்டடத்தின் முன்னால் மகன் குடும்பம் நின்ற போட்டோவை டீக்கடையில் காட்டி, "மூணு மாடியும் நம்முளுது" என்று அவர் அறிவித்தபோது கோபி மறுக்கவில்லை. புவனா அங்கே நர்ஸ். கோபிக்கு வீட்டு நிர்வாகம். மேல்மாடியில் வாடகைக்கு ஒரே அறை என்பது ராசாத்திக்கு மட்டும் தெரியும். அப்பா இருந்தவரை அந்த ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டாள். பாடை கிளம்ப இன்னும் அரைமணி.

"மருமவ வாய்விட்டு அழுவாம பொணத்தத் தூக்கக்கூடாது," என்றாள் அத்தை பொன்னாயி. "மாமனாருக்கு இத்தனூண்டு சத்தந்தானா?"

"நெட்டு சரியில்லைங்க அத்தை," என்றான் கோபி.

"மூஞ்சி மட்டும் பளிச்சுனு தெரியுது?"

அவன் மாட்டிக்கொண்டான். "இங்க ஞாயித்துக்கெழம சத்தம் போடக்கூடாதுங்க அத்தை. மிக்ஸி போட்டதுக்கே போன வாரம் நொம்பப் பிரச்சனைங்க."

"உன்ற ஊட்டுல நீ அழுவறத எவன்றா கேக்கறது? மூணு மாடி தாண்டி யாருக்குக் கேக்கும்?"

சேலத்தைத் தாண்டாத எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அன்பழகன் விளக்கினார்: "ஃபாரின்ல துக்கமெல்லாம் மனசுக்குள்ளயே முடிச்சுக்குவாங்க."

புவனா தலையணையைக் கீழே வைத்தாள்.

"மாமோவ்! பஸ் ஏத்திவிட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்களே! திரும்பிப் பாத்திருக்கக் கூடாதுங்களா மாமோவ்!"

கீழ்வீட்டிலிருந்து யாரோ தரையை மூன்று தரம் இடித்தார்கள். பிறகு கதவு மணி. கோபி பதறி எழுந்ததில் போன் ஒரு சுற்றுச் சுற்றியது. கட்டில், கொடியில் குழந்தைத் துணி, அடுப்பு, கதவு. அந்த ஒரு சுற்றிலேயே வீடு முடிந்துவிட்டது.

வாசலில் வீட்டங்கியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி, விரலை உயர்த்தியபடி. புவனா போனை வாங்கி அவள் பக்கம் திருப்பினாள். மாலையையும் நெற்றிக் காசையும் கிழவி பார்த்தாள். விரல் இறங்கியது. உள்ளே வந்து, நாற்காலி இல்லாததால் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"யார்றா அது?"

"கீழூட்டம்மாங்க அத்தை."

டீக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார். பொன்னாயி போனை ஒருதரம், மாலைக்குள் தெரிந்த தம்பி முகத்தை ஒருதரம் பார்த்தாள். கூந்தலை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூணு மாடி ஆண்டவனே, எங்கூடப் பொறந்தவனே..."

மாடிக்கொரு வரி பாடினாள். பெண்கள் எல்லோரும் கூடவே எடுத்தார்கள். ரைட்டர் மட்டும் இருமினார்.

பாடை தூக்கினார்கள். பெண்கள் ரோட்டு வளைவில் நின்றுவிட்டார்கள். பறைச்சத்தம் காப்பிச் செடிகளுக்குள் இறங்கி மறைந்தபின்தான் ராசாத்தி கையிலிருந்த போனைப் பார்த்தாள். யாரும் அணைக்கவில்லை. புவனா சுவரில் சாய்ந்திருந்தாள். கோபியின் தலை அவள் மடியில். கிழவி அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள். சீரகம். மஞ்சள். தும்மினாள்.

"பச்ச மூடிங்க," என்றாள் ராசாத்தி. "அதுலதாங்க நான் அனுப்பிச்ச காப்பித்தூளு."

கிழவி யார் பேசுவது என்று சுற்றிலும் பார்த்தாள். அப்புறம் அடுத்த டப்பாவைக் கையில் எடுத்தாள்.